வட்டுவாகலைத் தாண்டாத கதை

கேள்வி: ஐயா, நான் கிளிநொச்சியில் முன்பள்ளி ஆசிரியை. ஓ.எல். படித்த காலத்திலிருந்து கதை எழுதுகிறேன், ஒன்றும் முடிவதில்லை. லாச்சி நிறையப் பாதிக் கதைகள். இப்போது எழுதுவது அம்மாவின் தையல் மெஷினைப் பற்றி. 2008 இல் வீட்டைவிட்டு வெளிக்கிட்டபோது உழவு மெஷின் பெட்டியில் அதையும் ஏற்றினோம். தருமபுரத்தில் இரும்புக் காலை விட்டுவிட்டுத் தலையை மட்டும் கழற்றி எடுத்தோம். போன இடமெல்லாம் அம்மா சில்லைக் கையால் சுற்றிச் சுற்றி, சேலைகளைப் பங்கருக்கு மண்மூட்டையாகத் தைத்தா. கடைசியில் தன்ர கூறைச் சேலையையும் தைத்தா. கதை வட்டுவாகல் பாலத்துக்குக் கிட்ட வந்தால் பேனை நின்றுவிடுகிறது. திரும்பவும் முதல் பக்கத்திலிருந்து புதுக் கொப்பியில் எழுதுவேன். மறுபடி அதே இடம். நான் என்ன செய்ய?
— வாசகி, கிளிநொச்சி

பதில்: பிள்ளை, கூறைச் சேலை மண்மூட்டையான இடத்தில் உங்கள் கதை முடிந்துவிட்டது. அதைக் கடிதத்தில் ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குத் தாவியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் எழுதப் பார்ப்பது, போரின் முடிவில் சனம் வட்டுவாகலைத் தாண்டிய 2009 மே மாதம் முழுவதையும். ஒரு தையல் மெஷினின் தலையில் அவ்வளவு பாரத்தை ஏற்றினால் எந்தப் பேனையும் நிற்கத்தான் செய்யும்.

வன்னியில் எழுதுகிற இளையவர்கள் பலரிடம் இதைக் காண்கிறேன். எந்தக் கதையைத் தொடங்கினாலும் அது கடைசிச் சண்டை நடந்த முள்ளிவாய்க்காலில்தான் முடியவேண்டும் என்று ஒரு கடமை மாதிரி வைத்திருக்கிறார்கள். கோழி வளர்த்த கதையும் அங்கேதான் போகிறது, காதல் கதையும் அங்கேதான் போகிறது. முடிக்காவிட்டால் செத்தவர்களுக்குத் துரோகம் செய்ததுபோல ஒரு குற்ற உணர்வு. அந்த உணர்வு எனக்கு விளங்குகிறது. ஆனால் ஒரு சிறுகதைக்கு அதைச் சுமக்கிற முதுகு இல்லை.

அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’யைப் பாருங்கள். 1973 இல் வீரகேசரி வெளியீடாக வந்த நாவல். இன்றைக்கும் வன்னி என்றதும் வாசகர்கள் முதலில் சொல்லும் புத்தகங்களில் ஒன்று. ஆனால் வன்னி முழுவதையும் சொல்லவேண்டும் என்று அவர் கிளம்பவில்லை. தண்ணிமுறிப்பு, காடு, குளம், கதிராமன், பதஞ்சலி, வெளியிலிருந்து வந்த ஒரு வாத்தியார். அவ்வளவுதான். சின்ன வட்டம் போட்டதால் அந்த வட்டத்தை மூட அவரால் முடிந்தது. பரந்தன் குமரபுரத்துத் தாமரைச்செல்வியும் அப்படித்தான். எழுபதுகளில் எழுதத் தொடங்கியவர், வயலும் இடம்பெயர்வுமாகக் கதை கதையாக எழுதி முடித்தார். ஒரு கதையில் ஒரு வீடு, ஒரு ஆச்சி, ஒரு பசி. ‘நிலக்கிளி’ நூலகம் இணையத்தளத்தில் இருக்கிறது. கைபேசியிலேயே வாசிக்கலாம்.

இனி உங்கள் மெஷினுக்கு வருவோம். கடைசிப் பத்தியை முதலில் எழுதுங்கள். கூறைச் சேலையை அம்மா எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தா? யாரும் கேட்டார்களா, தானாகவே எடுத்தாவா? சரிகைக் கரை மடிப்பில் ஊசி முறிந்ததா? மாற்று ஊசி இருந்ததா, இல்லை அயலுக்கு ஆள் போனதா? மண் போட்டுக் கட்டியபோது சரிகை உள்ளுக்கா வெளியிலா? உங்களுக்குத் தெரியாவிட்டால் அம்மாவிடம் கேளுங்கள். அவ கதைக்க விரும்பாவிட்டால் வற்புறுத்தவேண்டாம், நீங்கள் கண்டதை மட்டும் எழுதுங்கள். அந்தப் பத்தி கையில் இருந்தால், தருமபுரத்தில் விட்டுவந்த இரும்புக் கால் எங்கே வரவேண்டும், எவ்வளவு வரவேண்டும் என்பதெல்லாம் தானாகத் தெரியும். வட்டுவாகல் அந்தக் கதைக்குத் தேவைப்படாது.

அடுத்தது அந்தப் புதுக் கொப்பி. அதை இன்றோடு விடுங்கள். முதல் பக்கத்தைத் திரும்பத் திரும்ப எழுதுவது உழைப்புப்போலத் தெரியும், உண்மையில் அது நாலாம் பக்கத்துக்குப் போகாமல் இருக்க நாங்கள் கண்டுபிடிக்கிற கெட்டித்தனமான சாட்டு. பிழையோ சரியோ, கடைசி வரி வரும்வரை முன்பக்கம் புரட்டக்கூடாது. எழுத்துப்பிழைகூடக் கிடக்கட்டும்.

ஹெமிங்வே 1935 இல் எஸ்குவயர் சஞ்சிகையில் ஒரு புது எழுத்தாளனுக்குச் சொன்ன புத்தி ஒன்று உண்டு: அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய எழுத்தை நிறுத்து. நீங்கள் செய்வது இதற்கு நேர்மாறு. தெரிந்ததெல்லாம் தீரும்வரை எழுதி, சுவரில் முட்டிய இடத்தில் கொப்பியை மூடுகிறீர்கள். மறுநாள் பின்னேரம் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் களைப்போடு வந்து அதே சுவரின் முன்னால் குந்தினால் யாருக்கு எழுத வரும்?

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்கச் சொல்வேன். வட்டுவாகல் வரும்போது சும்மா சொல் வராமல் நிற்கிறதா, இல்லை நெஞ்சு படபடத்து, இரவு நித்திரை கெடுகிறதா? இரண்டாவது என்றால் அது எழுத்துச் சிக்கல் இல்லை. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் எண்பதுகளில் செய்த ஆய்வில், மாணவர்கள் தங்களை உலுக்கிய அனுபவங்களை நாலு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். எழுதிய உடனே மனம் சோர்ந்தது, மாதங்கள் போனபின் சுகவீனம் என்று வைத்தியரிடம் போவது குறைந்தது. அவர் பிற்காலத்தில் சொல்லும் நிபந்தனை ஒன்று இருக்கிறது: தாங்காது என்று பட்டால் நிறுத்திவிட வேண்டும். நீங்களும் நிறுத்துங்கள். மாவட்ட ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் கதைப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பாலத்தை எழுதுவது பத்து வருடம் கழித்து நடக்கலாம், நடக்காமலும் போகலாம்.

லாச்சியில் கிடக்கிற மற்றக் கதைகள்? எல்லாவற்றையும் முடித்தே ஆகவேண்டும் என்று சட்டமா? புதுமைப்பித்தனே ‘அன்னை இட்ட தீ’யை முடிக்காமல்தான் போனார். ஒருநாள் ஆறுதலாக எல்லாவற்றையும் வாசியுங்கள். ஆள் யார், அந்த ஆளுக்கு என்ன வேண்டும் என்று இப்போதும் சொல்லக்கூடியதாக இருப்பவற்றை வையுங்கள். மிச்சத்தில் நல்ல வரி இருந்தால் பிடுங்கிக்கொண்டு கட்டிவையுங்கள்.

மெஷின் கதை முடிந்ததும் எனக்கு அனுப்பவேண்டாம். நான் திருத்தத் தொடங்கினால் நீங்கள் மறுபடி முதல் பக்கத்துக்குப் போய்விடுவீர்கள். அல்வாயிலிருந்து வரும் ‘ஜீவநதி’க்கு நேராக அனுப்பிவிட்டு அடுத்த கதையைத் தொடங்குங்கள்.