இயற்கை வாயுவும் தானே தீப்பற்றலும்

ஆழ்வார்பேட்டையில் எங்கள் தெருமுனையில் நிற்கும் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “தம்பி, கெமிஸ்ட்ரி படிக்கிறீங்களே, எல்.பி.ஜி.யும் சி.என்.ஜி.யும் ரெண்டுமே கேஸ்தானே? எஞ்சினுக்கு என்ன வித்தியாசம்?” அன்று என்னால் சரியான விடை கூற இயலவில்லை. அதன் விளைவே இக்கட்டுரை.

எல்.பி.ஜி. என்பது புரொப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் கலவை. சி.என்.ஜி. என்பது அழுத்தி அடைக்கப்பட்ட இயற்கை வாயு. அதில் பெரும்பகுதி மீத்தேன். எனினும் ஈத்தேன், புரொப்பேன் முதலிய கன ஹைட்ரோகார்பன்களும் அதில் சிறிதளவு இருக்கும். அந்த அளவு வாயு கிடைக்கும் இடத்திற்கேற்ப மாறும். காவிரிப் படுகையின் வாயுவும், 2019-இல் தொடங்கப்பெற்ற எண்ணூர் முனையத்தில் கப்பல் வழியே வந்து இறங்கும் வாயுவும் ஒரே கலவையாக இருக்க வேண்டுமென்பதில்லை.

பொறியோ சுடரோ இன்றி, வெப்பத்தால் மட்டுமே எரிபொருள் பற்றிக்கொள்வதைத் ‘தானே தீப்பற்றல்’ என்கிறோம். சாதாரண அழுத்தத்தில், காற்றில் மீத்தேன் சுமார் 540 டிகிரி செல்சியஸில் பற்றுகிறது. புரொப்பேனுக்கு 450 முதல் 470 வரையும், பியூட்டேனுக்கு 365 முதல் 405 வரையும் கூறுவர். சோதனைக் கலத்திற்கேற்ப இவ்வெண்கள் சற்று மாறும்.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் என்ன? மீத்தேனிலிருந்து ஒரு ஹைட்ரஜன் அணுவைப் பிரிக்க மோலுக்குச் சுமார் 439 கிலோ ஜூல் வேண்டும். புரொப்பேனின் நடுக் கார்பனிலிருந்து பிரிக்கச் சுமார் 411 போதும். மேலும், மீத்தேன் தரும் மெத்தில் தனி உறுப்பு மந்தமானது. இரண்டு மெத்தில்கள் இணைந்து ஈத்தேனாகிவிட்டால் தொடர்வினை அங்கே தளர்ந்துவிடும். ஈத்தேன் தரும் எத்தில் உறுப்போ உயர் வெப்பத்தில் சிதைந்து, எத்திலீனையும் ஹைட்ரஜன் அணுவையும் தருகிறது. அவ்வணு ஆக்சிஜனைத் தாக்கினால், ஒரு தனி உறுப்பின் இடத்தில் இரண்டு பிறக்கின்றன. இதுவே கிளைத் தொடர்வினை.

ஈர விறகின் அடியில் காய்ந்த பன்னாடையைச் செருகி அடுப்பு மூட்டுவதில்லையா? அதுபோல, கன ஹைட்ரோகார்பன் முதலில் வினைபுரிந்து, பிறக்கும் தனி உறுப்புகளால் மீத்தேனையும் மூட்டிவிடுகிறது. ஆகவே சில சதவீதம் கலந்தாலே தீப்பற்றும் தாமதம் பெரிதும் குறைந்துவிடுகிறது.

எஞ்சினில் இது கவனிக்கத்தக்கது. பொறியிலிருந்து புறப்பட்ட சுடர் வந்து சேருமுன், எஞ்சிய கலவை தானே பற்றினால் ‘நாக்கிங்’ எனும் இடிப்பு உண்டாகும். அது நீடித்தால் பிஸ்டனே பழுதாகும். மீத்தேன் எளிதில் பற்றாததால்தான், அதற்கென வடிவமைக்கும் எஞ்சினில் அழுத்த விகிதத்தை உயர்த்த முடிகிறது. வாகன வாயுவில் கன ஹைட்ரோகார்பன்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் உச்ச வரம்பு வகுத்திருப்பதன் பொருளும் இப்போது விளங்கும்.

ஓட்டுநருக்கு இனி என் விடை இதுதான்: “ரெண்டும் கேஸ்தான் அண்ணே. ஆனா ஒண்ணு சீக்கிரம் பத்திக்கும், ஒண்ணு பொறுமையா இருக்கும். எஞ்சின் எதுக்காகச் செஞ்சதோ, அதையே போடுங்க.”