வட்டிச் சூத்திரத்தில் ஓர் உறுப்பு மாறினால்

கடன் பத்திரத்தில் கையொப்பமிடும் குடியானவர் பெரும்பாலும் வட்டி வீதம் ஒன்றையே கேட்டறிகிறார். வட்டியை நிர்ணயிப்பனவோ அசல், வீதம், காலம் என மூன்று. இம்மூன்றையும் பெருக்கி நூறால் வகுக்கத் தனிவட்டி கிடைக்கும்.

வட்டி = அசல் × வீதம் × காலம் ÷ 100

வீதம் வருஷக் கணக்கிலிருப்பின் காலமும் வருஷக் கணக்கிலேயே இருத்தல் வேண்டும். கிராமங்களில் ‘இரண்டு வட்டி’ என்பது நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். சூத்திரத்தில் அதை 24 என்றே இட வேண்டும். இவ்விடத்தில் தவறியவர் பின்னர் எவ்வளவு நுட்பமாய்க் கணித்தும் பயனில்லை.

ரூ. 6,000 அசல், வீதம் 12, காலம் 2 வருஷம் எனக் கொள்வோம். வட்டி ரூ. 1,440. காலம் இரட்டித்தால் வட்டியும் இரட்டிக்கும். வீதம் பாதியானால் வட்டியும் பாதியாகும். இரண்டும் ஒருங்கே நிகழின் வட்டி மாறாது. 6 வீதத்தில் 4 வருஷத்திற்கும் அதே ரூ. 1,440 தான். (பணம் இருமடங்கு காலம் கையிலிருப்பதால் இம்மாற்றம் கடன் வாங்கியவருக்கு நஷ்டமன்று.)

வீதம் கால் பங்கு உயர்ந்து 15 ஆனால், காலத்தைக் கால் பங்கு குறைத்தால் சரியாகிவிடும் எனப் பலர் எண்ணுவர். அது பிழை. ஒன்றே கால் பங்கை முக்கால் பங்கால் பெருக்கினால் பதினாறில் பதினைந்து பங்கே வரும், வட்டி ரூ. 1,350 ஆகிவிடும். பழைய வட்டியே வர வேண்டுமாயின் காலத்தில் ஐந்திலொரு பங்கே குறைக்க வேண்டும்.

இனி, சூத்திரத்தைத் திருப்பி எழுதுக.

வீதம் = வட்டி × 100 ÷ (அசல் × காலம்)

அசலும் காலமும் இப்போது வகுக்கும் இடத்தில் நிற்கின்றன. ஆகவே அவற்றுள் ஒன்று பாதியானால் வீதம் இரட்டிக்கும். தண்டல் கடனின் சூட்சுமம் இங்கேதான் உள்ளது. ஒருவர் ரூ. 900 பெற்று, நாளொன்றுக்கு ரூ. 10 வீதம் 100 நாளில் ரூ. 1,000 செலுத்துகிறார். ஆயிரத்துக்கு நூறு, ஆகவே வீதம் பத்துதானே என்பது அவர் கணக்கு. ஆனால் அவர் கைக்கு வந்த அசல் 900; காலம் ஒரு வருஷமன்று, 365இல் 100 பங்கு. இவ்விரண்டையும் திருத்தினால் வீதம் சுமார் 40½ ஆகிறது. அத்துடனும் முடிவதில்லை. தொள்ளாயிரமும் நூறு நாளும் அவரிடம் இருக்கவில்லை. நாள்தோறும் குறைந்துகொண்டே வந்தது. சராசரி அசல் ஏறக்குறையப் பாதி. அசல் பாதியாயின் வீதம் இரட்டிக்கும் என்று கண்டோம். ஆக, உண்மை வீதம் 80க்கு மேல்!

தவணைக் கடனையும் இவ்வாறே சோதிக்கலாம். ரூ. 1,200ஐ மாதம் ரூ. 100 வீதம் ஒரு வருஷத்தில் அடைக்க வேண்டும், வீதம் 12. முழு அசலுக்கும் வருஷம் முழுதும் வட்டி போட்டால் ரூ. 144. அவ்வம்மாத நிலுவைக்கு மட்டும் போட்டால், சராசரி நிலுவை ரூ. 650, வட்டி ரூ. 78. வீதம் இரண்டிலும் 12 என்றே எழுதியிருக்கும். வித்தியாசம் 66 ரூபாய்.