தொழில் பாடம்: கழிவைக் கவனித்தால் லாபமா, நட்டமா?



தொழில் கடனுக்கு எழுதிக் கொடுக்கும்போது மூலப்பொருள், கூலி, விற்பனை எல்லாம் எழுதுகிறோம். "கழிவு எங்கே போகும்?" என்ற வரி மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. அந்த வரியை விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் திருப்பூரைப் பார்ப்போம்.

பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு நிறையப் போடணும். சாயம் துணியில் ஏறும்; உப்பு தண்ணியோடவே வெளியே வரும். சுண்ணாம்பு போட்டு நிறத்தை எடுக்கலாம், உப்பு போகாது. அந்தத் தண்ணி பல வருஷம் நொய்யலில் போனது. பாசனத்துக்காக 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. கிணறு உப்பாச்சு, நிலம் கெட்டது. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். கழிவை வெளியே விடவே கூடாது என்று 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அப்படியும் நிற்கவில்லை என்பதால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவு வந்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடின. துணியை வெளி மாநிலத்துக்கு அனுப்பிச் சாயம் போட்டு வாங்கினார்கள். பட்டறை முதலாளிக்கு மட்டுமா நட்டம்? தையலுக்கும் செக்கிங்குக்கும் போன பெண்களின் வாரச் சம்பளமும் அடிபட்டது.

பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்.ஓ. இயந்திரமும், மிச்ச உப்புத் தண்ணியை ஆவியாக்கும் இயந்திரமும் வைத்துப் பட்டறைகள் திறந்தன. இதில் நன்மை, எடுத்த தண்ணியில் பெரும்பகுதி திரும்பச் சாயம் போடவே கிடைக்கிறது. உப்பிலும் ஒரு பகுதியைத் திரும்ப உபயோகிக்கலாம். சுற்றுச்சூழலைக் கேட்டு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளிடம் பேர் கிடைக்கிறது. கஷ்டமும் உண்டு. கரண்டுக்கும் விறகுக்கும் பெரிய செலவு. அதனால் சாயக்கூலி ஏறுகிறது. கழிவைச் சும்மா விடுகிறவனோடு விலையில் போட்டி போட முடியாது. கடைசியில் மிஞ்சும் சேறையும் கலப்பு உப்பையும் எங்கே வைப்பது என்பது இன்னொரு தலைவலி. ஆனாலும் ஆரம்பத்திலேயே செய்திருந்தால் இதைவிடக் குறைவாகத்தான் செலவாகியிருக்கும் என்பது எங்கள் எண்ணம்.

நம்ம தொழில் சின்னது, இதெல்லாம் எதுக்கு என்று கேட்கலாம். டீக்கடை நடத்தும் குழுவை எடுத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்கு தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. பிடித்தால் அபராதம். சரி, எவர்சில்வர் டம்ளருக்கு மாறினால் கட்டுமா? இங்கே போடுவது மாதிரிக் கணக்குதான், உங்க ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

தினம் 200 டீ. கப் 60 பைசா என்றால் நாளைக்கு 120 ரூபாய், 26 நாளைக்கு 3,120 ரூபாய். டம்ளர் 60 வாங்க, ஒன்று 40 ரூபாய் வீதம், ஒரு தடவை 2,400 ரூபாய். மாசச் செலவு போய் 2,400-ல் முடிந்தது என்று சந்தோஷப்படுவோம். அவசரப்படாதீங்க. கழுவுவது யார்?

நிறையக் குழுக்களில் இந்த வேலை யாராவது ஒரு அக்கா தலையில் விழுகிறது. அவங்களுக்குக் கூலி எழுதுவதில்லை. நோட்டில் லாபம் தெரியும், அது அந்த அக்காவின் உழைப்பு. தினம் ஒன்றரை மணி நேரம், மணிக்கு 50 ரூபாய் என்றால் மாசம் 1,950 ரூபாய். சோப்பு, தண்ணிக்கு 350 ரூபாய். மொத்தம் 2,300 ரூபாய். உண்மையான மிச்சம் 820 ரூபாய்தான். டம்ளர் வாங்கிய பணம் திரும்ப மூணு மாசம் ஆகும். அதற்கப்புறம் வருவது லாபம். கோடையில் தண்ணியை விலைக்கு வாங்கும் ஊரில் இன்னும் 500 ரூபாய் போனால் மிச்சம் 320 ரூபாய். கழுவின தண்ணி தெருவில் ஓடினால் பக்கத்து வீட்டோடு சண்டை வரும். ஒரு உறிஞ்சுகுழி போடணும், அந்தச் செலவும் முதலிலேயே சேரணும்.

ஆகவே தீர்மான நோட்டில் எழுதும் முன் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: கழிவு எங்கே போகும், அதற்கு யார் உழைப்பார், அந்தக் கூலி விலையில் சேர்ந்திருக்கிறதா.

டம்ளருக்கு மாறிய குழுக்கள் மூன்று மாத வரவு செலவைக் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுகிறோம்.