பரண் மேல் ஏறிய மூச்சு மெஷின்



போன மாதம் கோத்தகிரி பக்கம் ஒரு குழுவின் கணக்கு நோட்டைப் பார்க்கப் போயிருந்தோம். உள்கடன் பக்கத்தில் ஒரு அக்காவின் பெயருக்கு நேராக "மூச்சு மெஷின் – ரூ.30,000" என்று எழுதியிருந்தது. ஏழு தவணை தவறாமல் கட்டியிருந்தார். "மெஷின் எப்படி வேலை செய்யுதுக்கா?" என்று கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அது பரண் மேல இருக்கு மேடம்" என்றார்.

தவணை ஓடுகிறது, மெஷின் ஓடவில்லை. ஏன் என்று கேட்டபோது தெரிந்த விஷயங்கள் நம் எல்லோருக்கும் பயன்படும். அதனால் அவர் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் இந்த மாதப் பாடமாகத் தருகிறோம்.

இது என்ன நோய்?

தூங்கும்போது சிலருக்குத் தொண்டைத் தசை தளர்ந்து, மூச்சு போகும் வழி அடைத்துக்கொள்ளும். 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றுபோகும். மூளை உலுக்கி எழுப்பும். திணறி மூச்சு வாங்கிவிட்டு மறுபடி தூங்கிவிடுவார்கள். காலையில் எதுவும் ஞாபகம் இருக்காது. ஒரு மணி நேரத்தில் 30 தடவையும் அதற்கு மேலும் இப்படி நடந்தால் அது கடுமையான நிலை. பலத்த குறட்டை, காலையில் தலைவலி, பகல் முழுக்க அசதி, உட்கார்ந்த இடத்தில் தூக்கம் ஆகியவை இதன் அறிகுறிகள். கவனிக்காமல் விட்டால் இரத்தக் கொதிப்பும் இருதய நோயும் வரலாம்.

குறட்டை ஆம்பளைங்க சமாச்சாரம்னு நினைச்சிடாதீங்க. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் இந்த நோய் கூடுகிறது. நம் அக்கா குழுக் கூட்டத்தில் தூங்கி விழுந்தபோது நாமும் கேலி செய்து சிரித்திருக்கிறோம். அது சோம்பேறித்தனம் இல்லை, நோய்.

சி-பேப் என்கிற மெஷின், மாஸ்க் வழியாகக் காற்றை மெதுவாகத் தள்ளி, தொண்டை மூடிக்கொள்ளாமல் பிடித்து வைக்கிறது. 1981-இல் ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன் இந்த முறையை உலகுக்குச் சொன்னார். இதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய செட்டிங் இரண்டு. ஒன்று ஈரப்பதம், இன்னொன்று பிரஷர்.

ஈரப்பதம்: கூடினாலும் தொல்லை, குறைந்தாலும் தொல்லை

ராத்திரி முழுக்கக் காற்று அடித்தால் மூக்கும் தொண்டையும் காய்ந்துபோகும். அதற்காகத்தான் மெஷினோடு ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி. அடியில் சூடு ஏறி, காற்று ஈரமாக வரும்.

அக்காவுக்கு முதலில் மூக்கு எரிந்தது. ஈரப்பதத்தை ஒரேயடியாகக் கடைசி எண்ணுக்கு வைத்துவிட்டார். அது மார்கழிக் குளிர். "ராத்திரி ரெண்டு மணிக்கு டியூப்ல கொடகொடன்னு சத்தம். தண்ணி மூஞ்சில அடிக்குது. பயந்துட்டேன்" என்றார்.

இட்லிக் கொப்பரை மூடியைத் திறந்து பாருங்கள். உள்பக்கம் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். சூடான ஆவி, ஆறிய மூடியில் பட்டுத் தண்ணீராகிறது. டியூபிலும் அதேதான் நடந்தது. மெஷினில் கோளாறு எதுவும் இல்லை.

டியூபில் தண்ணீர் நின்றால்:
- ஈரப்பதத்தை ஒரு எண் குறையுங்கள்.
- டியூபைப் போர்வைக்குள் விடுங்கள், அல்லது துணி உறை போடுங்கள்.
- மெஷினைப் படுக்கை மட்டத்துக்குக் கீழே வையுங்கள். டியூபில் சேரும் தண்ணீர் முகத்துக்கு வராது.

மூக்கு, தொண்டை காய்ந்தால்:
- ஈரப்பதத்தை ஒரு எண் கூட்டுங்கள். இரண்டு மூன்று ராத்திரி பார்த்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போங்கள்.
- வாய் மட்டும் காய்ந்தால், வாயைத் திறந்து தூங்குகிறீர்களா என்று வீட்டில் உள்ளவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியானால் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு மாஸ்க் தேவைப்படலாம்.

தொட்டியில் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவதுதான் நல்லது. குழாய்த் தண்ணீரில் உப்புப் படியும், கிருமியும் இருக்கும். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் வேண்டவே வேண்டாம். தினமும் காலையில் மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தொட்டியைக் கழுவிக் காயவையுங்கள். மெஷினை இடம் மாற்றும் முன்னும் தொட்டியைக் காலி செய்யுங்கள். விறகடுப்புப் புகை படும் இடத்தில் மெஷினை வைக்காதீர்கள். காற்று வடிகட்டி சீக்கிரம் அடைத்துவிடும்.

பிரஷர்: இதில் நாம் கை வைக்கக் கூடாது

பெரும்பாலான மெஷின்களில் பிரஷர் 4 முதல் 20 வரை இருக்கும். யாருக்கு எந்த எண் என்பதை டாக்டர் தூக்கப் பரிசோதனை பார்த்து முடிவு செய்கிறார். மாத்திரை அளவு மாதிரிதான் இதுவும்.

அக்காவுக்கு டாக்டர் வைத்தது 9. மறுபடி குறட்டை வருதுன்னு, மகன் செல்போனில் வீடியோ பார்த்து 13 ஆக்கிவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். ஆனால் காற்று வயிற்றுக்குள் போய் வயிறு உப்பியது, ஏப்பமாக வந்தது. மாஸ்க் ஓரத்தில் காற்று பீய்ச்சிக் கண் எரிந்தது. நாலாம் நாள் மெஷின் பரணுக்குப் போய்விட்டது.

மெஷினையும் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போகச் சொன்னோம். மெஷினில் பதிவாகியிருந்த விவரத்தைப் பார்த்துவிட்டு, "பிரஷர் சரியாத்தான் இருந்தது, மாஸ்க்தான் பெரிசு" என்றாராம். மாஸ்க் சைஸை மாற்றி, பிரஷரை மறுபடி 9-க்கே கொண்டு வந்தார்.

அதனால் பிரஷரைச் சந்தேகப்படும் முன் மாஸ்க்கைப் பாருங்கள். படுத்த நிலையில், மெஷின் ஓடும்போது வாரைச் சரி செய்யுங்கள். ரொம்ப இறுக்கினாலும் காற்று கசியும். முதலில் மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தால் 'ரேம்ப்' என்ற வசதியைப் போட்டுக்கொள்ளலாம். அது குறைந்த பிரஷரில் ஆரம்பித்து மெல்ல மெல்ல ஏற்றும்.

வயிறு உப்பினாலும், குறட்டையும் பகல் தூக்கமும் திரும்ப வந்தாலும், உடம்பு எடை நன்றாகக் கூடினாலும் குறைந்தாலும் டாக்டரிடம் போய்ப் பிரஷரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். நெஞ்சு வலியோ, விழித்திருக்கும்போதே மூச்சுத் திணறலோ வந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ராத்திரி கரண்ட் போனால் மாஸ்க்கைக் கழற்றிவிடுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், ஈரப்பதம் நம் கையில், பிரஷர் டாக்டர் கையில்.

அக்கா முதல் வாரம் மூன்று மணி நேரம்தான் போட்டார். இப்போது ராத்திரி முழுக்கப் போடுகிறார். போன கூட்டத்தில் தீர்மான நோட்டை அவர்தான் வாசித்தார். ஒரு கொட்டாவிகூட வரவில்லை.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச:
1. நம் குழுவில் பகலில் தூங்கி விழுபவர் யார்? கேலி செய்யாமல் அவரிடம் எப்படி விசாரிப்பது?
2. மருத்துவத்துக்கு உள்கடன் கொடுத்த பிறகு, அந்தப் பொருள் பயன்படுகிறதா என்று பார்க்கிறோமா?
3. உங்கள் வீட்டில் பரண் ஏறிய மருத்துவப் பொருள் ஏதாவது உண்டா? ஏன் ஏறியது?