மூளைத்தண்டைப் படுக்கையருகே படித்தல்

நரம்பியல் பயிற்சியில் சேர்ந்திருக்கும் இளம் மருத்துவருக்கு,

பெருமூளைக்கும் தண்டுவடத்துக்கும் இடையில் அமைந்துள்ள மூளைத்தண்டு ஏறத்தாழ 7 முதல் 8 செ.மீ. நீளமே உடையது. எனினும், உடலை இயக்கக் கீழிறங்கும் நரம்புப் பாதைகளும் உணர்வுகளைச் சுமந்து மேலேறும் பாதைகளும் இக்குறுகிய இடத்தின் வழியாகவே செல்ல வேண்டியிருப்பதாலும், மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் விழிப்பையும் ஆளும் நரம்புத் தொகுதிகள் இங்கேயே குடிகொண்டிருப்பதாலும், பெருமூளையில் அறிகுறியே காட்டாமல் போகக்கூடிய அளவுள்ள ஒரு சிறு சேதம் இங்கே உயிருக்கே உலை வைத்துவிடும்.

நடுமூளை, பான்ஸ், முகுளம் என மேலிருந்து கீழாக மூன்று பகுதிகள். பன்னிரண்டு இணைக் கபால நரம்புகளில் 3, 4 ஆகியவை முதற்பகுதிக்கும், 5 முதல் 8 வரை இரண்டாவதற்கும், 9 முதல் 12 வரை மூன்றாவதற்கும் உரியவை (பதினோராவது நரம்பின் பெரும்பகுதி கழுத்துத் தண்டுவடத்தில் தோன்றுகிறது என்பது தேர்வாளர்கள் விரும்பிக் கேட்கும் விதிவிலக்கு). இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்து தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவதே வழக்கமாக இருக்கிறது. ஆனால் நோயாளியின் கண்ணிமையும் முகமும் நாக்கும் எந்த மட்டத்தில் சேதம் நேர்ந்தது என்பதை அந்தப் பட்டியலைக் கொண்டே தெரிவிக்கின்றன.

உடலின் இயக்கப் பாதையில் பெரும்பகுதி முகுளத்தின் கீழ்முனையில் பக்கம் மாறுகிறது. கபால நரம்புகளோ பெரும்பாலும் தாம் தோன்றிய பக்கத்திலேயே வெளிப்படுகின்றன. ஆகவே ஒரு பக்கக் கண்ணோ முகமோ செயலிழந்து, மறுபக்கக் கைகால் வலுவிழந்திருந்தால், சேதம் மூளைத்தண்டில் இருப்பதாகவே முதலில் கருத வேண்டும். நடுமூளையில் இவ்வாறு நேர்வதை ஹெர்மன் வெபர் 1863இல் விவரித்தார்.

இதனினும் எளிதில் கைநழுவிப் போவது, அடால்ஃப் வாலன்பெர்க் 1895இல் விவரித்த முகுளப் பக்கவாட்டுச் சேதம். இதில் கைகால் வலு குறைவதில்லை; தலைசுற்றலும் வாந்தியும் விக்கலுமாக வருபவரைப் பித்தம் என்று வீட்டார் சொல்ல, மருத்துவரும் ஓர் ஊசி போட்டு அனுப்பிவிட நேர்கிறது. பஞ்சால் தொட்டால் அவருக்குத் தெரியும், ஏனெனில் தொடுவுணர்வின் பாதை தப்பியிருக்கும்; ஊசிமுனையின் கூர்மையும் குளிர்ந்த இசைக்கவையின் தண்மையும் மட்டும் முகத்தில் ஒரு பக்கமும் உடலில் மறுபக்கமும் தெரியாமற்போகும். முகம் மரத்த அதே பக்கத்தில் இமை சற்றுத் தாழ்ந்து, கண்பாவை சுருங்கி, குரல் கம்மியிருக்கும். கட்டிலின் ஓரத்தில் கையூன்றாமல் உட்காரச் சொன்னால் அவர் அந்தப் பக்கமாகவே சாய்வார். ஒரு வாய்த் தண்ணீர் விழுங்கவும் திணறுவார்.

சுற்றியுள்ள அடர்ந்த எலும்பினால் சி.டி. ஸ்கேனில் இப்பகுதி தெளிவாகத் தெரிவதில்லை. முதல் நாளில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. கூடச் சிறு சேதங்களைச் சில வேளை தவறவிடுகிறது. படத்தில் ஒன்றுமில்லை என்ற அறிக்கையை நம்பி ஊசியையும் பஞ்சையும் எடுக்காதிருப்பது, கருவியின் குறையை நோயாளியின் தலையில் கட்டுவதாகும்.

விழிப்பைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. மூளைத்தண்டின் நடுப்பகுதியில் விரிந்துள்ள வலைப்பின்னல் அமைப்பே பெருமூளையை விழித்திருக்கச் செய்கிறது என்பதை மொருட்சியும் மகூனும் 1949இல் காட்டினர். பான்ஸின் முன்பகுதி மட்டும் அழிந்து, பின்பகுதியிலுள்ள இவ்வமைப்பு தப்பினால், கைகால், முகம், பேச்சு அனைத்தும் முடங்கியவர் முழு நினைவோடு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். பிளம், போஸ்னர் இருவரும் 1966இல் இந்நிலைக்குப் பெயரிட்டனர். 1995இல் இதற்கு ஆளான பிரெஞ்சு இதழாசிரியர் ழான்-டொமினிக் போபி, இடக்கண்ணிமையைச் சிமிட்டியே ஒரு நூல் முழுவதையும் எழுதுவித்தார். கிடைவாட்டில் அசையாத கண்கள் மேலும் கீழும் அசையக்கூடும். ஆகவே நினைவிழந்தவராகத் தோன்றும் ஒவ்வொருவரிடமும், பெயரிட்டு அழைத்து, கண்ணை மேலே உயர்த்துமாறு கேட்டுவிட்டே அடுத்த சோதனைக்குச் செல்ல வேண்டும். அவர் காதுபடக் கைவிரித்துப் பேசுவதைப் போன்ற கொடுமை மருத்துவத்தில் வேறில்லை.

மூளைத்தண்டின் மரணத்தையே மனிதரின் மரணமாக இந்தியச் சட்டம் 1994இல் ஏற்றது. மயக்க மருந்தாலோ உடற்குளிர்ச்சியாலோ நேர்ந்த நிலையன்று என உறுதிசெய்த பின், பாவையில் ஒளி, கார்னியாவில் பஞ்சு, காதில் பனிநீர், தொண்டையில் தூண்டல் என ஒவ்வொரு மட்டமும் சோதிக்கப்படுகிறது. இறுதியில் ஆக்சிஜனை மட்டும் செலுத்தி, வென்டிலேட்டரை விலக்கி, இரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் 60 மி.மீ. பாதரசத்தைத் தொட்டும் மார்பு அசைகிறதா என்று பார்க்கப்படுகிறது. குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இவை அனைத்தும் மறுபடி செய்யப்பட வேண்டும்.

உடல் சூடாகவும் மார்பு ஏறி இறங்கியும் இருக்கக் காணும் குடும்பத்தார் இதை நம்ப மறுப்பது இயல்பே. மூச்சு கருவியுடையது, இதயமோ தனக்கான துடிப்பைத் தானே உண்டாக்குவது என்பதை அவர்களோடு உட்கார்ந்து, கேட்கும்போதெல்லாம் சலிக்காமல் விளக்குவது இளம் மருத்துவரின் கடமை. உறுப்புக்கொடை பற்றிய பேச்சை, இம்மரணத்தைச் சான்றளிக்க வேண்டிய மருத்துவர் நால்வரும் சான்றிதழில் கையெழுத்திட்டு, குடும்பத்தார் அதைப் புரிந்துகொண்ட பின்னரே தொடங்க வேண்டும்.