பெல்ஜியம் இல்லை, பிரோசாபாத்

"சார், அடியில எழுத்து ஒண்ணும் இல்ல. அப்ப பெல்ஜியம்தானே?"

பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பழைய கண்ணாடிச் சாமான்களில் கிறுக்கு உள்ளவன் என்பதும் கள்ளக்குறிச்சியில் பலருக்குத் தெரியும். அதனால் வீடு இடிப்பவர், பாகம் பிரிப்பவர், பரண் ஒழிப்பவர் எல்லாரும் எதையாவது வேட்டித் துணியில் சுற்றிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். தெரிந்துகொள்ள வருபவர்கள் குறைவு. நான் "ஆமாம், பெல்ஜியம்" என்று தலையாட்டினால் போதும், விலை பேசக் கிளம்பிவிடுவார்கள்.

சென்ற மாதம் சின்னசேலத்துக்காரர் ஒருவர் நான்கு டம்ளர்களும் ஒரு கூஜாவும் கொண்டுவந்தார். ஆரஞ்சு நிறம். மேலே, மழைத் தண்ணீரில் பெட்ரோல் சிந்தினாற்போல் வானவில் மினுக்கு. தாத்தா காலத்துப் பெல்ஜியம் என்றார். ஒரு டம்ளரை வாங்கிச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, அடியில் படிந்திருந்த கறையை விரலால் தேய்த்துவிட்டு, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். அச்சிலேயே வார்த்த நான்கு ஆங்கில எழுத்துகள் தெரிந்தன: ஜே, ஏ, ஐ, என். ஜெயின். உத்தரப் பிரதேசத்துப் பிரோசாபாத்தில் இருந்த ஜெயின் கிளாஸ் ஒர்க்ஸ்.

"பிரோசாபாத்தா? வளையல் ஊரா சார்?" அவர் முகம் விழுந்ததைப் பார்க்க வேண்டுமே!

எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டேன். வெளிநாட்டில் இந்த வகைக்குக் கார்னிவல் கண்ணாடி என்று பெயர். 1907 வாக்கில் அமெரிக்காவின் ஃபென்டன் நிறுவனம் ஆரம்பித்துவைத்தது. பின்னால் பிரோசாபாத்துக்காரர்கள் அதைத் தங்கள் கைப்பழக்கத்துக்கு மாற்றி, மீன் வடிவப் பூச்சாடி, ஒரு கை ஏந்தி நிற்கும் பூச்சாடி என்று வேறெங்கும் பார்க்க முடியாதவற்றைச் செய்தார்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இவற்றைத் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். நம் ஆளுக்கோ நம் நாட்டுப் பெயர் என்றதும் பொருளே மட்டமாகிவிட்டது.

இந்தப் பெல்ஜியம் மோகம் ஒன்றுமில்லாததிலிருந்து முளைக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் ஷார்லரோய் வட்டாரம் ஜன்னல் கண்ணாடியை உலகமெங்கும் கப்பலேற்றியது. லியேஜ் நகரத்துக்குப் பக்கத்தில் 1826-ல் தொடங்கிய வால் சான் லாம்பேர் தொழிற்சாலையின் கிரிஸ்டல் சாமான்களுக்கு இன்றும் மதிப்பு உண்டு. பெரிய வீடுகளின் நிலைக்கண்ணாடியும் ஜன்னல் கண்ணாடியும் அங்கிருந்து வந்ததால், நாளடைவில் 'பெல்ஜியம்' என்பது ஒரு நாட்டின் பெயராக இல்லாமல் 'ஒசத்தி' என்பதற்கு மறுபெயராகிவிட்டது. சிக்கல் அங்கேதான். ஒசத்தியானதெல்லாம் பெல்ஜியம் என்றால், ஆஸ்திரியா-ஹங்கேரியிலிருந்து வந்தவை எங்கே போயின? முதல் உலகப் போருக்கு முன் நம் பெண்களின் கை வளையலும் கழுத்து மணியும் பெரும்பாலும் அந்தப் பேரரசின் பொஹீமியாவிலிருந்து வந்தவை. போரில் அந்த வழி அடைபட்டதும் ஜப்பான் உள்ளே புகுந்தது. 1918-க்குப் பிறகு பொஹீமியாச் சரக்கில் 'செக்கோஸ்லோவாகியா' என்று முத்திரை வந்தது. அந்த நாடு 1992 முடிவோடு இல்லாமல் போனதால், அந்த ஒரு சொல்லே பொருளின் வயதுக்கு மேல் எல்லையும் கீழ் எல்லையும் போட்டுவிடும். நம் நாட்டிலேயே மகாராஷ்டிரத்துக் கராடுக்கு அருகில் 1916-ல் ஓகலே கண்ணாடித் தொழிற்சாலை எழுந்தது. 'பிரபாகர்' அரிக்கேன் விளக்கு அவர்களுடையது. இத்தனை பேரும் முத்திரை இல்லாமலும் சரக்கு விற்றிருக்கிறார்கள். பலர் காகித லேபிள் மட்டும் ஒட்டினார்கள். முதல் கழுவலிலேயே அது போய்விடும். எழுத்து இல்லையென்றால் எழுத்து இல்லை, அவ்வளவுதான். தகப்பன் பெயர் எழுதாத பிள்ளையை எல்லாம் ஜமீன் வாரிசு என்று சொல்வீர்களா?

சரி, எழுத்து இருந்தால் மட்டும் தீர்ந்ததா? கோலி சோடா பாட்டிலைக் கொண்டுவந்து, அதில் புடைத்திருக்கும் பெயரைக் காட்டி, "இந்தக் கம்பெனிதான் செஞ்சது" என்கிறார்கள். அது சோடா போட்டவர் பெயர். பாட்டிலை ஊதியவர் வேறு ஆள். அவர் குறி இருந்தால் அடியிலோ, அடியை ஒட்டிய ஓரத்திலோ சின்னதாக இருக்கும். இந்தப் பாட்டிலைக் கண்டுபிடித்தவர் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர், 1872-ல் காப்புரிமை பெற்றார். அதற்காக எல்லாக் கோலி பாட்டிலும் இங்கிலாந்துச் சரக்கு ஆகாது. நம் நாட்டிலும் செய்தார்கள், செய்கிறார்கள். இன்னொன்று: சாதாரணப் பாட்டிலில் அச்சு ஒட்டிய கோடு வாய்விளிம்பு வரை ஓடினால் இயந்திரத்தில் செய்தது, கழுத்தோடு நின்றால் கையால் வாய் முடித்தது என்று பார்ப்பார்கள். கோலி பாட்டிலில் அந்தக் கணக்கு ஏமாற்றும். கோலியை உள்ளே போட்ட பிறகுதான் வாயைச் சூடாக்கிக் குறுக்கி, ரப்பர் வளையத்துக்குப் பள்ளம் எடுப்பார்கள். கோடு எப்படியும் அழிந்துவிடும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளே குமிழி இருந்தால் பழசாம். உருகிய கண்ணாடியை அவசரப்பட்டு எடுத்தால் நேற்றுச் செய்ததிலும் குமிழி இருக்கும். லேசான பச்சை என்றால் மணலில் இரும்பு இருந்தது. வெயிலில் கிடந்து ஊதா பூத்தால் மாங்கனீசு சேர்த்திருக்கிறார்கள். இவை உலையைப் பற்றிப் பேசும், முதலாளி பெயரைச் சொல்லாது. நிலைக்கண்ணாடியில் விரலை வைத்து, விரலுக்கும் நிழலுக்கும் இடைவெளி தெரிந்தால் பெல்ஜியம் என்றொரு சோதனை! ரசம் பூச்சு கண்ணாடியின் பின்பக்கம் இருக்கிறது, இடைவெளி தெரியாமல் என்ன செய்யும்? 2000-ல் ஸ்ரீபெரும்புதூரில் உலை மூட்டிய செயிண்ட் கோபைன் கண்ணாடியில் ரசம் பூசினாலும் அதே இடைவெளிதான்.

மினுக்குகிற டம்ளரில் இரிடியம் கலந்திருக்கிறது என்று ஒருவர் காதில் கிசுகிசுத்தார். இரிடியம் பெயரைச் சொல்லித் தமிழ்நாட்டில் எத்தனை பேர் வீட்டை விற்றார்கள் என்று அவருக்குத் தெரியாதா? அந்த மினுக்கு, சூடான கண்ணாடிமேல் இரும்பு, வெள்ளீயக் குளோரைடுகளின் ஆவி படிவதால் வருவது. இரண்டும் என் ஆய்வக அலமாரியில் நாற்பது ரூபாய் புட்டியில் தூங்கிக்கொண்டிருந்தவை.

கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் சாமான் எல்லாம் ஜாகீர்தார் வீட்டுச் சொத்து என்பது இங்கே உள்ளூர்ச் சரக்கு. ஜாகீர் ஆட்சி 1976-ல் முடிந்தது. அதற்குப் பின் வெள்ளிமலைச் சந்தையில் யாருமே டம்ளர் வாங்கவில்லையா?

செய்தவர் பெயர் வேண்டுமென்றால், பொருளைத் தேய்த்துப் பளபளப்பாக்காமல் கொண்டுவாருங்கள். எலுமிச்சம்பழமும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, ஒட்டியிருந்த அரை லேபிளையும் உரித்துவிட்டு வந்து என்னைக் கேட்பதில் பயனில்லை. பெட்டி இருந்தால் பெட்டி, பில் இருந்தால் பில். அமிலத்தில் பொறித்த முத்திரையைவிடச் செல்லரித்த பில்லை நான் நம்புவேன். முத்திரையை இன்றைக்கும் பொறிக்கலாம்.

பேச்சோடு பேச்சாக என் சொந்தக் குறை ஒன்று. பெயரை ஒளிக்காத கண்ணாடி ஒன்று உண்டு, ஆய்வகக் கண்ணாடி. பைரெக்ஸ் என்றால் 1915 முதல், போரோசில் என்றால் 1962 முதல் என்று பீக்கரே சொல்லும். அந்தப் பழைய பீக்கர்களை, விளிம்பு சிதைந்தது என்று பள்ளிகளில் மூட்டை மூட்டையாகக் குப்பையில் கொட்டுகிறார்கள். கணக்கில் கழிக்கத்தான் வேண்டும், சரி. கழிக்குமுன் மேலே அச்சிட்ட பெயரை ஒரு நோட்டில் எழுதிவைக்க எவ்வளவு நேரமாகும்? போன வாரம் அப்படி ஒரு குவியலிலிருந்து ஒரு பீக்கர் கேட்டு வாங்கினேன். 'ஜெனா கண்ணாடி' என்ற பெயரைப் பார்த்ததும் இரண்டாம் உலகப் போருக்கு முந்தையது என்று குதித்துவிட்டேன். வீட்டில் கழுவிப் பார்த்தால் கீழே 'மைன்ஸ்' என்று இருக்கிறது. ஷாட் நிறுவனத்தார் கிழக்கு ஜெர்மனியின் ஜெனாவை விட்டு வந்து, 1952-ல் மைன்ஸில் ஆலை திறந்த பிறகு செய்தது.