சாய்தளம் கட்டும் முன் டேப்பைப் பிடியுங்கள்

புதிதாகக் கட்டும் பொதுக் கட்டடங்களில் இப்போது சாய்தளம் வந்துவிட்டது. கருவேப்பிலங்குறிச்சி போன்ற ஊர்களிலும் பூங்கா, நூலகம், ரேஷன் கடை என்று எதைக் கட்டினாலும் மேஸ்திரியே "ராம்ப் போடணுமா?" என்று கேட்கிறார். ஆனால் துணைக்கு ஆள் இல்லாமல் சக்கர நாற்காலியில் ஏறிப் போகிற மாதிரி இருப்பவை சிலதான். மற்றதெல்லாம் மோட்டார் சைக்கிளை மேலே ஏற்றி நிறுத்தத்தான் உதவுகின்றன. ஊராட்சியில் பொறுப்பில் இருப்பவர்களும், ஒப்பந்தம் எடுத்தவர்களும், பூங்காவுக்கு நன்கொடை தருகிறவர்களும் வேலை தொடங்குமுன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

எல்லாத் தவறும் சரிவில்தான் தொடங்குகிறது. விதி 1:12 என்று சொல்கிறது. நம் கொத்தனார்களுக்கு அதை இப்படிச் சொன்னால் போதும்: ஒரு அங்குலம் உயர ஒரு அடி நீளம். ஆறு அங்குலப் படி மூன்று இருந்தால் உயரம் 18 அங்குலம், எனவே சாய்தளம் 18 அடி. இதைக் கேட்டதும் "அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது?" என்பார்கள். கடைசியில் படியை ஒட்டி ஆறடியில் ஒரு சரிவைப் போட்டு முடித்துவிடுவார்கள். அதில் நாற்காலி ஏறாது. பின்னால் தள்ளுகிறவர் மூச்சு வாங்க நிற்க வேண்டும். இறங்கும்போது நிலைமை இன்னும் மோசம், உட்கார்ந்திருப்பவர் முன்பக்கமாகச் சரிந்து விழுவார்.

இடம் இல்லையென்றால் மடக்குங்கள். ஒன்பது அடி ஏறி, ஐந்தடிச் சமதளத்தில் திரும்பி, மறுபடி ஒன்பது அடி ஏறலாம். ஐந்தடி அகலத்தில் இரண்டு தடம் போட்டால் 14 அடி நீளமும் 10 அடி அகலமும் போதும். சாய்தளம் நேராகவே போனாலும் பதினைந்து அடிக்கு ஒரு சமதளம் வேண்டும், கை ஓய்ந்தவர் நின்று இளைப்பாற. 1:12 என்பது மேல் எல்லை. அதற்குள் அடங்கிவிட்டால் போதும் என்று நிறுத்தாதீர்கள். இடம் கிடைத்தால் 1:15 வையுங்கள். உயரம் இரண்டரை அடியைத் தாண்டினால் 1:15-க்குக் குறைந்து யோசிக்கவே வேண்டாம்.

உயரத்தை எங்கே அளக்கிறீர்கள் என்பதும் முக்கியம். எல்லோரும் படியடியில் டேப் வைத்து அளக்கிறார்கள். சாய்தளத்தின் கால் விழும் இடம் அங்கிருந்து 18 அடி தள்ளி இருக்கிறது. அங்கே தரை நான்கு அங்குலம் பள்ளமாக இருந்தால் உங்கள் கணக்கில் நான்கடி குறைந்துபோகும். ஆகவே தண்ணீர் டியூப்பை அந்த இடம்வரை இழுத்து மட்டம் பாருங்கள். மழையில் தண்ணீர் தேங்கும் பள்ளமாக இருந்தால் சாய்தளத்தின் காலை வேறு பக்கம் திருப்புங்கள்.

கலவை போடும்போதே சரிவைச் சோதிக்க ஒரு சுருக்கு வழி உண்டு. இரண்டடி ரசமட்டத்தைச் சரிவின் போக்கிலேயே வைத்து, குமிழ் நடுவில் நிற்கும்வரை தாழ்ந்த முனையைத் தூக்குங்கள். அந்த முனைக்கும் தளத்துக்கும் இடையே இரண்டு அங்குலத்துக்கு மேல் இருந்தால் சரிவு அதிகம், உடைத்துவிட்டுத் திரும்பப் போடச் சொல்லுங்கள். கலவை ஈரமாக இருக்கும்போது இதைச் சொல்வது எளிது. காய்ந்தபின் யாரும் உடைக்கமாட்டார்கள்.

மேற்பரப்புக்கு வருவோம். கிளேஸ் பூசிச் சூளையில் சுட்ட பீங்கானின் பளபளப்பு விருத்தாசலத்துப் பொம்மைக்கு அழகு. சாய்தளத்தில் அது ஆபத்து. பளபளக்கும் டைல்ஸ், பாலிஷ் கிரானைட் இரண்டும் கூடாது. சிமென்ட் தளத்தில் துடைப்பத்தால் குறுக்கே வரி இழுத்துவிட்டால் மழையிலும் வழுக்காது. ஆழமான வெட்டுக் கோடுகளும் வேண்டாம், நாற்காலியின் முன்சக்கரம் சிறியது, ஒவ்வொரு கோட்டிலும் தடுக்கும். அதே சக்கரம் தளமும் சாலையும் சேரும் இடத்தில் அரை அங்குல விளிம்பில்கூட நின்றுவிடும். சாலையைப் புதுப்பித்த பிறகு அந்த இடத்தைக் கட்டாயம் போய்ப் பாருங்கள்.

கைப்பிடி இரண்டு பக்கமும் வேண்டும், 70 சென்டிமீட்டர் உயரத்தில் ஒன்று, 90-ல் ஒன்று. சக்கரம் ஓரத்தில் நழுவாமல் இருக்க மூன்று நான்கு அங்குலக் கட்டு. மேலே கதவுக்கு முன் ஐந்தடிச் சமதளம்.

பார்வையற்றவர்களுக்கான தடவுணர் ஓட்டை 1967-ல் ஜப்பானின் ஒகாயாமாவில் முதன்முதலில் பதித்தார்கள், உருவாக்கியவர் செய்ச்சி மியாகே. கோடு போட்ட ஓடு என்றால் நடக்கலாம், புள்ளி போட்ட ஓடு என்றால் கவனித்து நிற்க வேண்டும். சாய்தளமும் படியும் தொடங்கும் இடத்துக்கு ஓரடி முன்பாகப் புள்ளி ஓடு வரவேண்டும். மஞ்சள் நிறம் எடுப்பாக இருக்கிறது என்று கண்ட இடத்தில் பதித்து, மின்கம்பத்தில் கொண்டுபோய் முட்டவிடாதீர்கள். பார்வையற்றவர் அந்த ஓட்டை நம்பித்தான் நடக்கிறார்.

பூங்காவில் இன்னொரு பெரிய தடை வாசல். மாடு நுழையாமல் இருக்க வளைத்து வைத்த கம்பி, சக்கர நாற்காலியையும் தடுத்துவிடுகிறது. பக்கத்திலேயே நாலடிக் கதவு ஒன்று வையுங்கள், உட்கார்ந்தபடி கைக்கு எட்டும் தாழ்ப்பாளோடு. பூட்டு வேண்டாம். சாவி வைத்திருப்பவரைத் தேடி ஒருவர் வெயிலில் காத்திருப்பது எந்த விதத்திலும் நியாயம் இல்லை. கழிப்பறைக் கதவு மூன்றடி அகலத்தில் வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே நாற்காலி திரும்ப ஐந்தடி வேண்டும். அங்கே துடைப்பமும் பிளீச்சிங் பவுடர் மூட்டையும் அடுக்குவதை முதல் நாளே தடுத்துவிடுங்கள்.

மெரினாவில் 2022 நவம்பர் 27 அன்று கடல் அருகே வரை போகும் மரப்பாதை திறக்கப்பட்டது. மணலில் சக்கரம் ஓடாததால் அதுவரை அலையைத் தூரத்திலிருந்தே பார்த்தவர்கள் அதில் போய்ப் பார்த்தார்கள். டிசம்பரில் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, பின்னர் சரிசெய்தார்கள். கட்டும்போதே பராமரிப்புக்கும் பணம் ஒதுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

விமானத்தில் போகும் பெரியவர்களுக்காகவும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சக்கர நாற்காலி உதவி தேவை என்பதை டிக்கெட் போடும்போதே, தவறினால் புறப்படுவதற்கு 48 மணி நேரம் முன்பாவது விமான நிறுவனத்துக்குச் சொல்லிவிடுங்கள். சென்னையோ திருச்சியோ, விமான நிலைய வாசலில் கார் நின்ற இடத்திலிருந்து உள்ளே போகும் தரையைக் கவனித்துப் பாருங்கள், எங்கே மேடு, எங்கே சரிவு, புள்ளி ஓடு எங்கே என்று. நல்லதை நம் ஊர்க் கட்டடத்துக்குக் கேளுங்கள்.

கேட்பதற்குச் சட்டம் துணை இருக்கிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், விதிமுறைகள் வெளியானதிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் பொதுக் கட்டடங்கள் எல்லாம் தடையற்றதாக மாற வேண்டும் என்றது. விதிகள் வந்தது 2017 ஜூன், கெடு முடிந்தது 2022. ராஜீவ் ரத்தூரி தொடர்ந்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், தடையற்ற கட்டடங்களுக்கான அளவுகோல்கள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

பூச்சு வேலைக்கு முன் உங்கள் ஊரில் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவரை அழைத்து, யாரும் தள்ளாமல் அவரையே ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சரி என்ற பிறகுதான் ஒப்பந்தக்காரர் பில்லில் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த கிராம சபையில் இதையே தீர்மானமாக எழுதிக் கொடுங்கள்: "எங்கள் ஊராட்சியில் இனி கட்டும் எந்தப் பொதுக் கட்டடத்திலும் ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளத்துக்குக் குறையாமல் சாய்தளம் அமைக்க வேண்டும், மாற்றுத்திறனாளி ஒருவர் ஏறிப் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே பணம் வழங்க வேண்டும்." குடியரசு நாள், மே தினம் போன்ற நாள்களில் நடக்கும் கூட்டங்களில் எது முதலில் வருகிறதோ அதில் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.